பட்டியலில் இரண்டாவது வரி

அம்மாவுக்குப் பேச்சு போன பிறகு எங்கள் வீட்டு டெலிபோனால் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போயிற்று. தங்கை பிரான்சிலிருந்து கூப்பிடுவாள். நான் ரிசீவரை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பக்கம் அவள் "அம்மா, அம்மா" என்பாள். இந்தப் பக்கம் அம்மா தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்புவாள். அதைக் கேட்டு அவள் அழுவாள். அவள் அழுவதைக் கேட்டு அம்மாவின் கண்ணிலும் தண்ணீர் வரும். நடுவில் நான் கை மாற்றி மாற்றி ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில், இதற்குக் கூப்பிடாமலே இருக்கலாம் என்று ஒரு நாள் அவளிடம் எரிந்து விழுந்தேன். அவளும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இது 2006 வாக்கில். அப்போது முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். அப்பா அதற்கு நான்கு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை வாழ்க்கைப்பட்டது ஒரு சொல்தா வீட்டில். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; பிள்ளைகள் எல்லோருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. கல்யாணமான மறுவருஷமே அவள் புருஷனோடு விமானம் ஏறிவிட்டாள். பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அதன் பெயரை நான் சொன்னால் அவளுடைய பிள்ளைகள் சிரிக்கும். அதனால் சொல்வதில்லை.

அம்மாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதவியின் பெயர் நீளமாக இருக்கும். செய்தது பெரும்பாலும் மௌஸைத் திறந்து உருண்டையைத் துடைக்கிற வேலை. நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வைத்திக்குப்பத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். காலையில் கடற்கரையில் மீன் விற்று முடித்து, குளித்துவிட்டு, ஒன்பது மணிக்கு வந்துவிடுவார். அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர்தான். அம்மாவின் வலது கையில் எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டே நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். பதில் வராத ஆளிடம் அப்படிப் பேச என்னால் முடிந்ததில்லை.

தங்கைதான் கேமரா யோசனையைச் சொன்னாள். அவள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. நான் நேரு வீதியில் ஒரு கடையில் வாங்கிவந்தேன். பெட்டியில் எங்கே செய்தது என்றுகூடப் போடவில்லை. எலுமிச்சம்பழம் அளவு, முன்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு. கூட வந்த சிடி ஊரெல்லாம் வைத்திருக்கிற சிஸ்டத்துக்கானது. என் வீட்டில் இருந்ததோ லினக்ஸ். அதில் வைரஸ் வராது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம் வீம்புதான். மற்றவர்கள் வைத்திருப்பதை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கோ இருக்கிற யாரோ ஒரு புண்ணியவான் அந்த மாதிரிக் கேமராக்களுக்கு டிரைவர் எழுதி இணையத்தில் வைத்திருந்தார். அதாவது, கேமரா பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற சின்ன நிரல். அதை அப்படியே போட்டுக்கொள்ள முடியாது. மூல நிரலை இறக்கி, நம் கம்ப்யூட்டரிலேயே வைத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். மூன்று ஞாயிறு அதற்கே போயிற்று. மூன்றாவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. தங்கை முகம் திரையில் வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்த வருஷத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு நாள் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு ஐந்து மணி என்பது வீட்டில் கோயில் பூஜை மாதிரி ஆனது. வைத்திக்குப்பத்து அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஆனாலும் நான்கு மணிக்கு வந்து அம்மாவுக்குப் புடவை மாற்றி, பவுடர் போட்டு, தலை வாரி நாற்காலியில் உட்காரவைப்பார். தங்கை வாராவாரம் ஒன்றையே கேட்பாள்.

"சோத்துக் கைய காட்டும்மா. எப்படி இருக்கு, பாக்கறேன்."

அம்மா இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். விட்டால் மடியில் விழும். "சரியா பூடும்மா, சரியா பூடும்" என்பாள் தங்கை. சில வாரம் லைன் மந்தமாக இருக்கும். எங்களுக்கு அவள் படம் வராது. எங்கள் படம் மட்டும் அவளுக்குப் போகும். அப்போது நான் அம்மாவிடம், "தங்கச்சி நம்மள பாக்குதும்மா, நீ காட்டு" என்பேன். எதுவும் தெரியாத திரையைப் பார்த்து அம்மா கையைத் தூக்குவாள்.

இங்கே கொஞ்சம் கம்ப்யூட்டர் கதை சொல்ல வேண்டும். லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. ஒரு நிரல் வேண்டும் என்று அதனிடம் கேட்டால் போதும். அதற்கு வேறு எது எது தேவை, அந்த ஒவ்வொன்றுக்கும் எது தேவை என்று தேடிப் பிடித்து எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கும். ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கிறவற்றையும் சேர்த்து மாற்றும். ஒன்றை நீக்கப் போனால், இதை நம்பி இன்னின்னது இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்கும். இவ்வளவு பொறுப்பான ஆளை மனிதர்களில் நான் பார்த்ததில்லை. ஆனால் அது ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. தன் வழியாக வந்தது மட்டும்தான் அதில் ஏறும். நாம் கையால் கட்டி உள்ளே வைத்தது எதுவும் அதற்குத் தெரியாது. ரேஷன் கார்டில் பேர் இல்லாத ஆள் வீட்டில் இருக்கிற மாதிரிதான். உழைப்பான், எல்லாம் செய்வான். கடையில் மட்டும் அவனுக்கு அரிசி கிடையாது.

என் கேமரா டிரைவர் அப்படி ஓர் ஆள். டிரைவர் என்பது கெர்னலோடு ஒட்டிக்கொண்டு வாழ்கிற ஜீவன். கெர்னல்தான் சிஸ்டத்தின் அடித்தளம். எந்தக் கெர்னலுக்காக டிரைவரைக் கட்டினோமோ அதில்தான் ஓடும். கெர்னல் மாறினால் மறுபடி கட்ட வேண்டும். பேக்கேஜ் மேனேஜர் தன் பதிவேட்டில் உள்ள டிரைவர்களையெல்லாம் புதுக் கெர்னலுக்குத் தக்கபடி மாற்றிக்கொடுத்துவிடும். பேர் இல்லாதவனை அப்படியே விட்டுவிடும். இப்போதெல்லாம் கையால் சேர்த்ததையும் எழுதி வைத்துக்கொண்டு, கெர்னல் மாறுகிறபோது தானாகக் கட்டிக்கொடுக்கிற ஏற்பாடு வந்துவிட்டது. அப்போதும் எங்கோ இருந்திருக்கலாம். என்னிடம் இல்லை.

லினக்ஸில் புதுப் பதிப்பு வந்துவிட்டால் எனக்குக் கை அரிக்கும். இருப்பது நன்றாக ஓடுகிறதே என்று விடத் தெரியாது. ஒரு சனிக்கிழமை கல்லூரியில் புதுப் பதிப்பைச் சிடியில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். பேக்கேஜ் மேனேஜர் நீளமாக ஒரு பட்டியல் போட்டது. இத்தனை மாறப்போகிறது, இத்தனை புதிதாக வரப்போகிறது, சம்மதமா என்று கேட்டது. பட்டியலில் கெர்னலும் இருந்தது. நான் படிக்கவில்லை. சம்மதம் என்று ஒய் எழுத்தைத் தட்டிவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, எழுத்துகூட முன்னைவிட அழகாகத் தெரிந்தது. திருப்தியாக இருந்தது. கேமரா ஞாபகமே வரவில்லை.

மறுநாள் நான்கு மணிக்கு அக்கா அம்மாவைத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் கேமராவைச் சொருகினேன். பச்சை விளக்கு எரியவில்லை. உடனே விஷயம் புரிந்தது. பயமில்லை. ஏற்கெனவே கட்டியதுதானே, மறுபடி கட்டினால் போயிற்று என்று உட்கார்ந்தேன். கெர்னலோடு சேர்ந்து வர வேண்டிய ஒரு பேக்கேஜ் சிடியில் இல்லை. இணையத்திலிருந்து இறக்கினேன், அதற்கு அரை மணி. கட்டத் தொடங்கினால் பாதியில் நின்றது. புதுக் கெர்னலில் ஒரு கோப்பை எடுத்துவிட்டார்கள். டிரைவர் அதைத் தேடுகிறது. அந்த வரியை நீக்கினேன். அடுத்த இடத்தில் நின்றது. அதையும் பார்த்தேன். இன்னோர் இடத்தில் நின்றது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். பேக்கேஜ் மேனேஜர் புதுக் கெர்னலைக் கொண்டுவந்தாலும் பழையதைத் தூக்கி எறிவதில்லை. புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிப் போவதற்காக அதை அப்படியே விட்டுவைக்கும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் ஆரம்பத்தில் ஒரு பட்டியல் வரும். முதல் வரியில் புதுக் கெர்னல், இரண்டாவது வரியில் பழையது. கீழ் அம்பை ஒருமுறை அழுத்தி என்டர் தட்டினால் பழையது எழுந்து வரும். அதற்காகக் கட்டிய டிரைவரும் இருந்த இடத்தில் இருக்கும். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. லேபில் பசங்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நான் போகவில்லை. திரையில் திறந்து வைத்திருந்த பத்துச் சன்னல்களையும் மூட வேண்டும். பிடித்து வைத்த நூல் விட்டுப் போகும். இன்னும் ஒரு வரி மாற்றினால் ஓடிவிடும் என்று தோன்றியது. அதைவிட, பின்னால் போவது தோற்றுப்போகிற மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்குத் தங்கை இணையத்தில் வந்துவிட்டாள். படம் இல்லாமல் எழுத்தில் மட்டும் பேசும் பெட்டி திரையின் மூலையில் திறந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம்.

"கேமரா போடலியாண்ணா?"

அம்மா என் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பவுடர் வாசனை வந்தது. கேமரா கெட்டுவிட்டது என்று அடித்திருக்கலாம். ஏன் என்று கேட்பாள். நான் அப்கிரேட் செய்தேன் என்று சொல்ல வேண்டும். நல்லா இருந்ததை ஏன் தொட்டே என்பாள். சின்ன வயதில் நான் ரேடியோவைக் கழற்றி மூட முடியாமல் நின்ற நாளிலிருந்து அவள் சொல்கிற வசனம் அது. அதைக் கேட்க அன்று எனக்குப் பொறுமையில்லை.

"அம்மா தூங்குது" என்று அடித்தேன்.

"இந்த நேரத்துலயா? ஒடம்பு ஏதாவது பண்ணுதா?"

"அதெல்லாம் இல்ல. ராத்திரி சரியா தூங்கல. அதான்."

பிறகு, "சரி எழுப்பாத. அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கறேன்" என்று வந்தது.

பின்னால் அக்கா அம்மாவின் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். "பாப்பா வந்திடுச்சாம். காட்டுங்க. வாரம் பூரா பண்ணோமில்ல, அத்த காட்டுங்க."

திரும்பிப் பார்த்தேன். அம்மா கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த வலது கை மெல்ல அசைந்தது. இடது கை அதைத் தொடவில்லை. விரல்கள் முதலில், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. மார்பு உயரம் வரைக்கும் கையைத் தானாகத் தூக்கி, அங்கேயே நிறுத்தி, நடுங்க நடுங்கப் பிடித்திருந்தாள். முகம் வேர்த்துவிட்டது. விளக்கில்லாத கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும்.

லைன் மந்தம், அவளுக்கு நம் படம் போகிறது என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். அப்படி நினைக்க நான்தான் பழக்கியிருந்தேன். "இன்னிக்கு இல்லம்மா" என்று சொல்லவில்லை. "பாத்துட்டா" என்றும் சொல்லவில்லை. மறுபடி திரைப் பக்கம் திரும்பி, நின்றுபோன வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா அம்மாவைக் கட்டிலுக்குக் கூட்டிப்போனார். டிரைவர் அன்றும் கட்டி முடியவில்லை, திங்களும் முடியவில்லை.

புதன்கிழமை காலை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் தலை சாய்ந்துவிட்டது என்று அக்கா கல்லூரிக்கு போன் செய்தார். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தங்கைக்கு டிக்கெட் கிடைத்து அவள் வந்துசேரச் சனிக்கிழமை மத்தியானம் ஆகும் என்றாள். ஐஸ் பெட்டியில் வைத்திருக்கலாம் என்றேன். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சனிப் பொணம் தனியா போவாதுடா. வெள்ளிக்கெழமையே எடுத்துடணும்" என்றார். சண்டை போட்டிருக்க வேண்டும். சாதாரணமாகச் சுண்டைக்காய் விஷயத்துக்கெல்லாம் சண்டை போடுகிற ஆள் நான். அன்று சரி என்றுவிட்டேன். எனக்குள் எதுவும் அசையவில்லை. மொட்டை அடித்தார்கள், உட்கார்ந்தேன். குடத்தைத் தோளில் வைத்தார்கள், சுற்றினேன். கொள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது, அந்த டிரைவரில் அடுத்து எந்த வரியை மாற்ற வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. அதை நினைத்து வெட்கப்படக்கூட எனக்கு வரவில்லை. அழுகை வரவே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

சனிக்கிழமை தங்கை வந்தாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு நேரே அம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் சொன்னது இதுதான்.

"அன்னிக்கு நீ எழுப்பியிருக்கலாம்ணா. நான்தான் வேணாம்னேன்."

பாவம், பழியைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அதை இறக்கி என் தலையில் வைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாவு வீட்டுச் சனம் போய்விட்டிருந்தது. நாலரை மணிக்கு வைத்திக்குப்பத்து அக்கா வந்து, அம்மாவின் புடவைகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். தங்கை என்னிடம் வந்து, "பிள்ளைங்கள பாக்கணும்போல இருக்குண்ணா. அதுங்களும் ஆயா போட்டாவ பாக்கணும்னுதுங்க. கேமராவ போடறியா?" என்றாள்.

நான் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பட்டியல் வந்தது. கீழ் அம்பை ஒருமுறை அழுத்தினேன். இரண்டாவது வரி. என்டர். பழைய கெர்னல் ஒரு குறையும் சொல்லாமல் எழுந்து வந்தது. கேமராவைச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தங்கை அம்மாவின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திரையில் அவள் முகமும், பின்னால் மாலை போட்ட அம்மா படமும் தெரிந்தன. பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பிரெஞ்சிலும் தமிழிலுமாக ஏதேதோ பேசினாள். எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகு, பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாதான் வேல செய்யுது" என்றாள். "அன்னிக்கு அம்மா மட்டும் முழிச்சிருந்தா நான் பாத்திருப்பேன், இல்லண்ணா?"

"ஆமாம்மா" என்றேன்.

புடவை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் கேமராவின் வயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினேன். தங்கை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

அக்கா புடவைகளை அடுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவங்க தூங்கலன்றத நீ சொல்லாத, தம்பி. அது ஒன்னோட போவட்டும். சோத்துக் கையத் தூக்கனாங்களே, அத்தயாவது அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாம்."

ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது அவருக்கும் தெரிந்திருக்கும். தங்கை இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை வந்துபோயிருக்கிறாள். அம்மாவின் வலது கை கடைசிவரை எழும்பவே இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.